எங்கள் தெருவின் ஒரே பூட்டு

சிவகாசியில் நான் குடியிருந்த தெருவில் களவு என்று பேச்செடுத்தால், ஒரு சேவல் காணாமல் போனதைத்தான் சொல்வார்கள். அதுவும் இரண்டாம் நாள் தானாகவே திரும்பி வந்துவிட்டதாம். அப்படிப்பட்ட தெருவுக்கு விருதுநகரிலிருந்து பூட்டு கொண்டுபோன மகராசி நான்.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பா கிட்டங்கிக் காவல்காரர். மல்லி மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் அவர் பூட்டுப் போடுகிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் கிளம்பியபோது, சீர் சாமான்களோடு ஒரு திண்டுக்கல் பூட்டையும் என் கையில் கொடுத்தார். "யாரையும் சந்தேகப்படாத தாயி. ஆனா பூட்டை மட்டும் மறக்காமப் போட்டுரு" என்றார்.

சீரில் வந்த இன்னொரு பொருள், கையால் சுற்றுகிற தையல் மிஷின். அது எனக்கு உயிர். என் வீட்டுக்காரர் அச்சாபீசுக்குப் போனதும் அதன் முன்னால் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. வீட்டில் வேறு எது போனாலும் போகட்டும், மிஷின் போகக் கூடாது என்று நினைப்பேன்.

குடிவந்த அன்றே எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார். வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறவர். விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் மிஷினில் வந்து நின்றது.

"இது எம்புட்டு கனம் இருக்கும் தங்கச்சி? ஒத்தையாத் தூக்கிரலாமா?"

என்ன விலை, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்பார்கள், நியாயம். தூக்க முடியுமா என்று கேட்ட பொம்பளையை அன்றுதான் பார்த்தேன். "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு மிஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாளிலிருந்து பூட்டுதான். குழாயடிக்குப் போனாலும் பூட்டு, கடைக்குப் போனாலும் பூட்டு. தெருவில் மற்றக் கதவெல்லாம் ஆளில்லாமலே திறந்து கிடக்கும். வாசல்தோறும் ஒட்டிய பெட்டிகள் காய்ந்துகொண்டிருக்கும். "உள்ள என்ன புதையலா இருக்கு?" என்று குழாயடியில் கேலி பண்ணினார்கள். அக்கா மட்டும் கேலி பண்ணவில்லை.

"பூட்டாத தங்கச்சி. கள்ளன் வந்தா எடுத்தது போக மிச்சம் இருக்கும். தீ வந்தா என்ன இருக்கும்? இங்கன எல்லா வீட்லயும் காகிதமும் குச்சியும்தான கெடக்கு" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஆமத்தூரில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. காலண்டர் சீசன், இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் தெருமுனையிலேயே கருகல் வாடை. பக்கத்து வீட்டுக் கொல்லையில் அடுப்பெரிக்கக் குவித்திருந்த குச்சிக் கழிவில் தணல் விழுந்து பிடித்துக்கொண்டதாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது என் கண்ணில் பட்டது ஒன்றுதான். என் வீட்டுக்குக் கதவைக் காணோம். நிலையோடு பெயர்ந்து தெருவில் கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

உள்ளே ஓடினேன். அடுக்களைக் கூரை கரிந்து, தரையெல்லாம் தண்ணீர். ஒரு சாமான் இல்லை. மிஷின் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

என் வாயைக் கேட்கவா வேண்டும். வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "ஒத்தையாத் தூக்கலாமான்னு அன்னைக்கே கேட்டீக. இன்னைக்குத் தீயைச் சாக்கு வச்சுத் தூக்கிட்டீகள்ல?"

அக்கா வெளியே வந்தார். முன்னங்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"ஆமா, நாந்தான் தூக்குனேன். உள்ள வா" என்றார்.

ஒற்றை அறை வீடு. தரை முழுக்க அன்று அவர் ஒட்டிய பெட்டிகள் மிதிபட்டு நசுங்கிக் கிடந்தன. கட்டிலில் என் மிஷின், அவருடைய சேலையால் போர்த்தியிருந்தது. பக்கத்தில் என் தகரப் பெட்டி, குடம், பாய், உப்பு ஜாடிகூட இருந்தது.

"கடப்பாரையத் தேடிக் கதவைப் பேக்கத்தான் நேரமாயிருச்சு. ஒன் பூட்டு அம்புட்டுக் கெட்டி. இல்லாட்டி கையில சூடு பட்டிருக்காது" என்றார். பிறகு மிஷினைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "புதுசா யாரு குடிவந்தாலும் நாங்க பார்த்து வச்சுக்கிருவோம். தீப்பிடிச்சா மொதல்ல எதைத் தூக்கணும், அதுக்கு எத்தனை பேரு வேணும்னு. ஒங்கிட்டயும் கேட்டேன். நீதான் பதில் சொல்லல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அளுதது போதும், பசையைக் கிண்டு" என்றார். நசுங்கிப்போன பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டினேன். நான் ஒட்டியதில் பாதியை, நான் பார்க்காத நேரத்தில் பிரித்து அவரே மறுபடி ஒட்டினார்.

கதவைத் திரும்ப மாட்டினோம். பூட்டைத் திரும்ப மாட்டவில்லை. காகிதக் கட்டு காற்றில் பறக்காமல் வைக்க அதை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆமத்தூருக்கும் விருதுநகருக்கும் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவேன். அந்த வருஷங்களைப் போல நிம்மதியாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

சில வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு புதுப் பெண் குடிவந்தாள். அக்காவும் நானும் பார்க்கப் போனோம். காபி கொடுத்தாள். அலமாரி மேல் பெரிய ரேடியோ ஒன்று இருந்தது. தீயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"இது எம்புட்டு கனம் இருக்கும்? ஒத்தையாத் தூக்கிரலாமா?"

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவசர அவசரமாகக் காரணத்தைச் சொன்னேன். அவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அக்காவும் நானும் போய், கடப்பாரை எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டோம்.