இருபது நாள் படுக்கை

கொல்லம் ஆண்டு 1103, கும்ப மாதம் இரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குச் சாலைக் கடைத்தெருவில் பகவதிப்பெருமாள் விழுந்தான். தள்ளியவன் நேசையன். கருப்பட்டி மண்டியில் பதினோரு வருஷமாக எடை போடுகிறவன். அதுவரை யார்மேலும் கை வைத்ததில்லை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் பகவதிப்பெருமாள் அன்று நாலு பேர் கேட்க எடையில் கள்ளம் என்றான். நேசையன் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கல்படியில் இடுப்பு மோதியது.

மறுநாள் ஜாமீனில் வந்த நேசையனிடம் வக்கீல் குமாஸ்தா சுந்தரராமன் கேட்டார்: "தள்ளினது வாஸ்தவம்தானே?"

"தள்ளினேன் சாமி."

"எலும்பு முறியலைன்னு டாக்டர் எழுதியாச்சு. பல்லோ கண்ணோ போகலை. அப்போ வெறும் காயமாக்கும், மிஞ்சினா ஒரு வருஷம். ஆனா அவன் இருபது நாள் முழுக்க வலி தாங்காம கிடந்தாலோ, பழகின ஜோலிக்குப் போக முடியலைன்னாலோ, அது கொடுங்காயம். ஏழு வருஷம் வரை போகும்."

"எந்திரிக்கலேன்னா?"

"பாக்கலாம். நீர் அந்தப் பக்கம் தலை காட்டாதேயும்."

அதனால் மனைவி ஞானபாய் போனாள். தினமும் விடியற்காலை, சுமட்டுக்காரர்கள் கூடும் புளியமரத்தடியைப் பார்த்துவிட்டு வருவாள்.

"இருந்தானா?"

"இல்ல."

ஒன்பதாம் தேதியும் இல்லை, பதினான்காம் தேதியும் இல்லை. நேசையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வருஷம் என்றால், திரும்பி வரும்போது மூத்த மகளுக்கு இருபது வயது. இருபத்தொன்றாம் தேதி சாயந்திரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இருபது முடிஞ்சுட்டு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஞானபாய் மூச்சிரைக்க வந்தாள். "வந்துட்டான். மூட்டை தூக்குதான்."

"ஒரு நாள் முன்ன வந்திருக்கப்படாதா? எண்ணிட்டுல்லா வந்திருக்கான்."

அதையே குமாஸ்தாவிடமும் போய்ச் சொன்னான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை மணிக்கு வந்தான்?"

"ஆறு மணிக்கு. புளிவண்டி இறக்கினான். புளி மண்டிச் சிட்டையில பேரும் நேரமும் போட்டிருக்கு."

"ரெண்டாம் தேதி சாயந்திரம் அஞ்சு மணிலேர்ந்து எண்ணும். இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு அடிச்சாத்தான் இருபது நாள் ரொம்பும். பதினோரு மணி நேரம் பாக்கி இருக்கு, ஓய்."

நேசையனுக்கு அது தலையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

விசாரணையில் மண்டிச் சிட்டையை வைத்து நேசையன் தரப்பு வக்கீல் கேட்டபோது பகவதிப்பெருமாள் மறைக்கவில்லை. "தூக்கினது நெசம் எசமான். இருபது நாள் கிடந்துட்டுத்தான் வந்தேன்."

"விழுந்த தேதியையும் சேர்த்தா எண்ணினாய்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சேக்காம எப்படி எசமான்? பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் செத்த நாளை விட்டுட்டா எண்ணுவோம்?"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை; தேதிகளை இரண்டு தடவை எழுதிப் பார்த்தார். கொடுங்காயம் ருசுவாகவில்லை, சாதாரணக் காயம் விளைவித்ததற்கு இரண்டு மாதம் வெறுங்காவல் என்று தீர்ப்பானது.

வராந்தாவில் தூணைப் பிடித்து நின்ற பகவதிப்பெருமாள், கான்ஸ்டபிளோடு வந்த நேசையனைக் கூப்பிட்டான்.

"லே நேசையா, வலி போயி எந்திரிச்சேன்னு நினைக்காதே. அன்னைக்கு வீட்ல நாலு நாளா அடுப்பு எரியல்ல. பல்லைக் கடிச்சுட்டுத் தூக்கினேன்."

"இப்பம் எப்பிடி இருக்கு?"

"குனிய முடியல்ல."

நேசையன் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கான்ஸ்டபிள் தோளைத் தொட்டதும் நடந்தான்.