பதினாலு பை இரண்டும் ஏழாவது காம்பராவும்

சென்ற ஆகஸ்டில் இலங்கையின் பதுளைப் பக்கம் போனதற்குக் காரணம் சுற்றுலா அல்ல, வயிற்றெரிச்சல். அப்பா இளவயதில் அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். இருவரில் யார் செய்தது சரி என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது கோத்தகிரியில் பிறந்த எனக்குப் பல வருட அரிப்பு.

பதுளையில் காலை எட்டரைக்கு ரயில் ஏறினால் பத்தரை வாக்கில் அப்புத்தளை. அங்கிருந்து ஹல்துமுல்லைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம், எண்பது ரூபாய். "ஏறுங்க, நாலு மணிக்கெல்லாம் கொழும்பு!" என்று கூவினார் கண்டக்டர். எனக்கு டெல்லியைப் பார்க்க ரயிலில் இரண்டு இரவு ஆகும். இத்தனூண்டு நாட்டில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அப்போதே புகைய ஆரம்பித்தது.

பெரியப்பா மகன் மாரிமுத்து அண்ணன், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் காத்திருந்தார். ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்களில் ஏழாவது அவருடையது. அவர் மகள் கலா பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லாமல் படித்தவள். என் மகன் படிப்புக்கு மனைவியின் வளையல்கள் போயின. நல்ல சாயத் தேநீர்தான், எனக்குத்தான் கசந்தது.

"டிகிரியே சும்மா குடுத்துட்டாங்க. அப்புறமென்ன கவலை உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

"படிப்பு குடுத்தாங்க தம்பி. டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ கடுதாசியும் வந்துச்சு. லயத்துக்கு ஏது கதவு நம்பரு? எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கேயே கெடந்து, இன்டர்வியூ முடிஞ்சு நாலாம் நாள் கைக்கு வருது."

கலா இப்போது பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். அன்று ஞாயிறு, வீட்டில்தான் இருந்தாள். அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அண்ணன் உள்ளே போய் ஒரு பழைய உறையை எடுத்து வந்தார். என் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் அனுப்பிய அழைப்பிதழ். அவர்கள் வரவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை என்று ஆறு வருடமாக முறுக்கிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி ஒரு மாதம் கழித்துத்தான் அதுவும் கைக்கு வந்திருக்கிறது.

"பதினாலு பை ரெண்டு," என்று என் முகவரியை விரல் வைத்துப் படித்தார். "கதவுலயே எழுதியிருக்குமா?"

"ஆமாண்ணே."

"தபால்காரரு வாசலுக்கே வருவாரா?"

"வருவாரு."

"பொறாமையா இருக்கு தம்பி."

கடல் தாண்டி நான் சொல்ல வந்ததை அவர் சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். தோட்டத்துக்குள் பாதை மேடு, கனத்த பை வேண்டாம். சொந்தக்காரர்கள் இருந்தால் போனில் சொல்லிவிட்டுப் போங்கள், கடிதத்தை நம்பாதீர்கள். நாலு மணிக்கெல்லாம் கொழும்பு போகும் அந்த பஸ் மேல் எனக்கு இன்னமும் பொறாமைதான், மறைக்கவில்லை.

கலா அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முகவரி என்ற இடத்தில் துணிக்கடையின் கதவு எண்ணை எழுதியிருக்கிறாள்.