மீன்காரி கேட்ட பழஞ்சட்டை

எனக்கு எண்பத்திரண்டு வயசு. ஏழு பிள்ளை வளர்த்தேன், ஒன்றையும் சாகக் கொடுக்கவில்லை.

அறுபதுகளில் தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு மீன்காரி வருவாள். கூடையை இறக்கினதும் என் பிள்ளைகளின் தலையைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்குப் பிறந்த மூன்றும் தங்கவில்லை.

நாலாவது வயிற்றிலிருந்தபோது, "யக்கா, உம்புள்ள போட்ட பழஞ்சட்ட ஒண்ணு குடு. அதப் போட்டாதான் எம்புள்ள தங்கும்" என்றாள்.

கந்தலைக் கொடுக்க என் கௌரவம் விடவில்லை. மல்துணியில் என் கையாலேயே புதுசு தைத்துக் கொடுத்தேன்.

"உன் கைப்புள்ளைக்கு ரெண்டு நாளு போட்டுக் குடு யக்கா" என்றாள்.

"ஏன், நான் தச்சது உனக்கு ஆகாதோ?" என்றேன். வாங்கிப்போனாள்.

அவளுக்கு நாலாவது பிறந்து, அந்தச் சட்டையைப் போட்ட ஒன்பதாம் நாள் செத்தது. அப்புறமும் மீன் கொண்டுவந்தாள். என் பிள்ளைகளைத் தொடவில்லை.

அடி பேத்தி, இதைப் படிச்சுக் காட்டு. அவள் கேட்டது பழசுதான்னு சரியா எழுதியிருக்கேனா?