பஸ் ஸ்டாப்பில் கைமாறிய பாப்பா

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல்தான் இருக்கும். அங்கன்வாடி டீச்சர் என் மகளை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, கொயந்தைக்கு சோறே போட்றதில்லியா?" என்று கேட்டபோது அது எங்கே போய் நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு பேரும் கம்பெனியில மாடா உழைக்கிறது யாருக்காம்?" என்று கத்திவிட்டேன். டீச்சர் அசரவே இல்லை. வயசுக்கு ஏற்ற எடை இல்லை, அடுத்த மாசமும் ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்று சொல்லி, சத்துமாவுப் பாக்கெட்டை என் கையில் திணித்தார்.

பக்கத்தில் எங்கள் வீட்டுக்கார அம்மாவின் பேத்தி நின்றிருந்தது. என் மகளும் அதுவும் ஒரே மாசத்தில் பிறந்தவர்கள். ஒரே காம்பவுண்டு, ஒரே போர் தண்ணீர், ஒரே ரேஷன் கடை. அது கொழுகொழுவென்று இருக்க, என்னுடையது கொத்தவரங்காய் மாதிரி நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா, பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஒரகடத்தில் நான் செல்போன் செய்யும் கம்பெனி, என் கணவர் கார் சீட்டு தைக்கும் கம்பெனி. ஷிஃப்ட் வாராவாரம் மாறும். விஷயத்தைச் சொன்னதும் அவர், "அடுத்த தபா எடை ஏறலன்னா ஊருக்கு அனுப்பிடலாம். எங்கம்மா பாத்துக்குவாங்க" என்றார். ஊர் திண்டிவனம் பக்கம். எங்கள் லைன் வீடுகளில் வீடியோ காலிலேயே பிள்ளை வளர்க்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன், வேறு வழி இருந்தால் யார் அனுப்புவார்கள்? ஆனால் ராத்திரி என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையை அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவேன்? வல்லக்கோட்டை முருகனிடம் முறையிட்டேன். முருகன் நேரில் வரவில்லை. பக்கத்து ரூம் தென்காசிக்காரி வந்தாள்.

அது நடந்தது பஸ் ஸ்டாப்பில். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அவருக்கு செகண்ட் ஷிஃப்ட் விழுகிற வாரங்களில் எங்கள் குடும்பம் சேர்வது அந்த பஸ் ஸ்டாப்பில்தான். நான் மதியம் தாண்டி என் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவேன். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு தன் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார். வீட்டுச் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, பாப்பா அவர் தோளிலிருந்து என் இடுப்புக்கு. அவ்வளவுதான், பஸ் கிளம்பிவிடும்.

எடை பார்த்த மறுநாள் நான் விடவில்லை. "மதியானம் சோறு ஊட்டினியா?" என்றேன்.

"நீ வந்து ஊட்டுவல்ல? அதான் பிஸ்கட் குடுத்தேன்."

"நீ ஊட்டியிருப்பேன்னுல்ல நானும் வந்து பாலும் பிஸ்கட்டும் குடுத்துக்கினு கீறேன்!"

அந்த பிஸ்கட் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். டீ பிரேக்கில் கம்பெனியில் தரும் பிஸ்கட்டை நான் தின்னவே மாட்டேன், பாப்பாவுக்கென்று பையில் போட்டுக்கொள்வேன். அவரும் அப்படியே. இரண்டு கம்பெனி பிஸ்கட்டும் பாசத்தோடு ஒரே வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் சோற்றுக்கு எங்கே இடம்? சாயந்திரம் ஆனால் தூங்கி விழுவாள்.

தென்காசிக்காரி அன்றைக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்து, பால் வாங்கப் போகிற வழியில் எங்கள் சண்டையைக் கேட்டு நின்றுவிட்டாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "ஏ பிள்ள, ஒரு மிஷின விட்டுட்டுப் போறதுன்னாகூட வாறவங்ககிட்ட நல்லது கெட்டது சொல்லிட்டுத்தானே போறோம்? ஹேண்டோவர் குடுக்கலன்னா சூப்பர்வைசர் தோல உரிச்சிருவாம்லா! பிள்ளையக் கை மாத்துதீங்களே, ஒரு வார்த்தை சொல்லுதீங்களா?"

என் கோபம் புஸ்ஸென்று இறங்கியது. அவர் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அவர் விறைப்பாக நின்று ஒப்பிக்க ஆரம்பித்தார். "காலையில இட்லி. அப்புறம் பெரிய பாத்ரூம் போயாச்சு. மதியானம் ரசம் சோறு, அரை முட்டை. மீதி அரை முட்டைய காக்கா தூக்கினு போயிடுச்சு. பிஸ்கட் நிறுத்தம்." என்னோடு பஸ்ஸில் வந்த பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த மனுஷனை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அது அப்படியே பரவியது. தென்காசிக்காரி நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், படுக்கும் முன் பாப்பாவைத் தன் ரூமுக்குத் தூக்கிப்போய் இட்லி ஊட்டிவிட்டு, எங்கள் கதவைத் தட்டி ஹேண்டோவர் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவாள். எங்கள் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் விழுந்தால் வீட்டுக்கார அம்மா. பெரிய ரோட்டைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாப்பாவைத் தினமும் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போக எங்களால் முடிந்ததே இல்லை. அந்த அம்மா பேத்தியை ஒரு கையிலும் என் மகளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஒண்ணா குந்த வச்சா ரெண்டும் போட்டி போட்டுக்கினு துன்னுது. வூட்ல தனியா உட்டா யாருக்குத்தான் சோறு எறங்கும்?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பேத்திக்கு இருந்து என் மகளுக்கு இல்லாமல்போனது அரிசியும் இல்லை, பாசமும் இல்லை. சோற்று நேரத்துக்கு வீட்டில் விழித்திருக்கிற ஒரு ஆள்.

அடுத்த எடை நாளில் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நாள் முழுக்க செல்போன் செய்கிற எனக்கு ஒரு போன் பேச வழியில்லை. கேன்டீனில் அன்றைக்குப் பார்த்து சிக்கன் வேறு. தட்டை எடுத்தேன், ஒரு வாய்கூட இறங்காமல் அப்படியே திருப்பி வைத்தேன்.

பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் ஸ்டாப்பில் ஒரு கூட்டம். பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு அவர், வீட்டுக்கார அம்மா, நைட்டிமேல் துண்டு போட்ட தென்காசிக்காரி. ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன்.

"காலையில ரெண்டு தோசை," என்று அவர் ஆரம்பித்தார்.

"யோவ், எடை இன்னாச்சு?"

"ஹேண்டோவர் முடியட்டும். மதியானம் பருப்பு சோறு, முழு முட்டை..."

"யோவ்!"

"ஏறிடுச்சுடி! ஊருக்கெல்லாம் போவேணாம்!" என்றார். பாப்பாவை என் இடுப்பில் வைத்தார். நான் ரோடு என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

பாப்பா என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு மாசமாக இந்த ஸ்டாப்பில் கேட்டதையெல்லாம் அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

"நீ இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணுமே சாப்டலடி, கண்ணு."

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையிலிருந்த சத்துமாவு உருண்டையில் தான் கடித்தது போக மீதியை என் உதட்டருகே நீட்டினாள். அவருடைய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கிறவரை அவர் ஏறவில்லை.