அளந்த பிறகு வரும் ஆரூடம்

எங்கள் துறைத்தலைவர் விண்வெளி ஆராய்ச்சியில் தேடியது ஒன்றே ஒன்றுதான்: பொன்னாடை. தஞ்சாவூருக்கு வெளியே, நஞ்சையை மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய தனியார் கல்லூரி அது. அவர் மிராசுதார் வீட்டுப் பிள்ளை. ஆட்சி மாறும்போதெல்லாம் அவருடைய வேட்டியின் கரையும் தவறாமல் மாறும். நான் குடவாசல் பக்கம் குத்தகை உழுத குடும்பத்துப் பெண், அவரிடம் ஆராய்ச்சி மாணவி.

செயற்கைக்கோளை மின்சாரத்தால் தள்ளும் எஞ்சினில் விரல் நீளத்துக்கு ஒரு குழல் உண்டு. கேத்தோடு என்பார்கள். அதற்குள் செனான் வாயு போகும். உட்சுவர் பழுக்கக் காய்ந்து எலக்ட்ரான்களை உமிழும், வாயு பிளாஸ்மாவாகி ஒளிரும். சுவர் அளவுக்கு மேல் சூடானால் சீக்கிரமே தேய்ந்துவிடும். அது போனால் எஞ்சினும் போச்சு. ஆகவே சுவர் எவ்வளவு சூடாகும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். குழல் எங்களிடம் கிடையாது, வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தது. அவர்கள் அளப்பார்கள், நாங்கள் கணிப்போம்.

கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் எவ்வளவு தடைபடுகின்றன என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதற்கு ஓர் எண்ணை நாமேதான் வைக்க வேண்டும். உலகம் முழுக்க வைக்கிறார்கள், அதில் வெட்கமில்லை. சார் வைத்த விதம்தான் வெட்கக்கேடு. வடக்கிலிருந்து அளவு வரும்வரை காத்திருப்பார். வந்ததும், வரைபடத்தில் எங்கள் கணக்கின் கோடு அவர்கள் அளந்த புள்ளிகள் மேல் போய் உட்காரும்வரை எண்ணைத் திருகுவார். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புது எண். பிறகு மேடையேறி, "எங்க சிமுலேஷன் அப்பவே சொல்லிடுச்சு" என்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இவர் தாத்தா காலத்தில், அவருடைய நிலத்தை மேற்பார்த்த காரியக்காரர் வரப்பில் நின்று, நிற்கிற பயிரைப் பார்த்தே இத்தனை கலம் என்று மதிப்புப் போடுவாராம். புகையான் பூச்சி தின்றாலும் வெள்ளம் கொண்டுபோனாலும் குத்தகை நெல் அந்த மதிப்புப்படிதான். களத்தில் அளந்த கண்டுமுதலை வைத்துப் பங்கு பிரியுங்கள் என்று கேட்டுச் செங்கொடி பிடித்து அடிவாங்கியவர் என் அப்பா. தாத்தா அறுப்புக்கு முன்னால் மதிப்புப் போட்டார், பேரன் அறுப்பு முடிந்த பிறகு போடுகிறார். இரண்டு பேருக்குமே நஷ்டம் வராது.

நான் ஆய்வேட்டை முடிக்கும் சமயத்தில் வடக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. வாயுவைக் குறைத்து ஒரு சோதனை செய்யப்போகிறார்களாம், அளப்பதற்கு முன்பே எங்கள் பதில் வேண்டுமாம்.

"அவசரப்படாதம்மா. அவங்க அளக்கட்டும், அப்புறம் நாம கணிப்போம்" என்றார் சார். சிரிக்காமல் சொன்னார்.

அவர் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை. மகள் டாக்டராகப் போகிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இருந்தும் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய சோதனைகளுக்குப் பொதுவாக ஒரே எண்ணை வைத்துக் கணக்கை ஓட்டி, பதிலை அனுப்பிவிட்டேன்.

அளவு வந்தது. என் பதில் படுதோல்வி. நான் சொன்னதைவிடச் சுவர் எக்கச்சக்கமாகச் சூடாகியிருந்தது. சாருக்கு அன்று தீபாவளி. உடனே எண்ணைத் திருகித் தன் கோட்டை வரைந்து கொண்டுவந்தார்.

"பாத்தியா? புள்ளி மேலயே போகுது. உன் படத்தை எடுத்துட்டு இதை வை. கையெழுத்துப் போட்டுடறேன்."

"சார், உங்க கணக்கு எப்பத்தான் தப்பாகும்?"

"தப்பாகவே ஆகாதும்மா." முகமெல்லாம் பெருமை.

"அப்ப அது கணக்கே இல்ல, சார்."

கையெழுத்து விழவில்லை. அந்த வருஷமும் அவருக்குப் பொன்னாடை விழுந்தது. நான் வேறொருவரிடம் மாறினேன். பட்டம் தள்ளிப்போனது, அம்மா தெருவில் தலைகுனிந்து நடந்தாள். ஆனால் என் தப்பான கோட்டைத் தோண்டித் தோண்டிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. வாயு குறைந்தால் பிளாஸ்மா கொந்தளிக்கிறது, எலக்ட்ரான்களுக்குத் தடை கூடுகிறது, அதனால் சுவர் சூடேறுகிறது. அதை வைத்தே பட்டம் வாங்கினேன்.

சாரின் கோடு இன்றைக்கும் புள்ளிகள் மேலேயேதான் இருக்கிறது. அந்தக் குழல் ஏன் சூடானது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.