டஸ்டர் டீச்சர் அழித்த பக்கம்

பிள்ளைகள் வைத்த பெயர் டஸ்டர் டீச்சர். வைக்காமல் என்ன செய்வார்கள்? வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, முந்தைய பீரியட்காரர் கரும்பலகையில் விட்டுப்போனதை மூலை முடுக்கு விடாமல் அழிப்பதுதான். "அழிக்காம போயிடுறாங்க பாரு, மகராசனுங்க" என்று ஒரு முணுமுணுப்பு. பிறகுதான் கணக்குப் பாடம். இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது, அதுவும் தற்காலிக ஆசிரியராகவே.

கணவர் தையற்காரர். கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். டீச்சர் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இந்த வருஷம் பார்த்து, ஆன்லைன் பயிற்சியில் தேறாதவர்களுக்கு வேலை நீட்டிப்பு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பல பள்ளி ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கொரு பாடத்திட்டம், எல்லாரும் இணையத்தில் ஒரே பொதுப் பக்கத்தில் எழுத வேண்டும். கடைசி நாள் மாலை நான்கு மணியோடு பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.

அந்தக் கடைசி நாள் மதியம்தான் டீச்சர் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. நல்லவேளை, பெயர் கேட்காமலே பக்கம் திறந்துகொண்டது. பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து. "இங்கயும் அழிக்காமத்தான் போயிருக்காங்களா?" என்று சலித்துக்கொண்டார். பக்கம் முழுவதையும் ஒரே தட்டில் அழிப்பது எப்படி என்று போன வாரம்தான் பள்ளியின் கம்ப்யூட்டர் சார் கற்றுக்கொடுத்திருந்தார். அழித்தார்.

பளிச்சென்று வெள்ளைப் பக்கம். இரண்டே விரலால் ஒன்றரை மணி நேரம் தட்டினார். பழைய செய்தித்தாளை மடித்து மடித்துக் கிழித்து அரை, கால், அரைக்கால் சொல்லித்தருகிற பாடம். தேதி அச்சான துண்டு யாருக்கு வருகிறதோ அவர் கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு விளையாட்டும் சேர்த்தார். எழுதி முடித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மணிக்குப் போன் அலறத் தொடங்கியது. பயிற்சிக்கான வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூப்பாடு. "எந்தப் பாவி அழிச்சது?" "ஒரு மாச உழைப்பு, நாசமாப் போச்சு!"

டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்தார். கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இது எல்லாருக்கும் ஒரே பக்கம். நீங்க அழிச்சா அத்தனை பேருக்கும் அழியும்."

அதற்குள் பயிற்சியாளரின் செய்தி வந்தது. பழைய பக்கத்தை மீட்டுவிட்டாராம். அழித்துவிட்டு எழுதிய பாடத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறாராம். "அருமையான பாடம். எழுதியவர் நான்கு மணிக்குள் சொன்னால் தேர்ச்சி உண்டு. ஆனால் அழித்தவர் பெயரை நிர்வாகத்துக்கு எழுதியாக வேண்டும்."

"வாயைத் திறக்காதீங்க டீச்சர். பேர் பதிவாகல. தப்பிச்சீங்க" என்றார் கம்ப்யூட்டர் சார்.

"பேர் இல்லன்னா பாஸும் இல்லையே சார்? வேலை போயிடுமே!"

"வேற பாடம் எழுதுங்க. நான் உங்க பேர்ல உள்ள போக வழி பண்றேன்."

அவர் வழி பண்ணும்போதே மூன்று நாற்பது. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தொன்பது வருஷம் சொல்லிக்கொடுத்த கணக்கில் ஒன்றாவது நினைவுக்கு வர வேண்டுமே! செய்தித்தாளைத் தவிர எதுவும் வரவில்லை. அதையே எழுதினால் குட்டு உடைந்துவிடும். மூன்று ஐம்பத்தைந்துக்குத் திரையில் தலைப்பு மட்டும்தான் நின்றது.

"இப்படியும் போகப்போகுது, அப்படியும் போகப்போகுது. என் பாடத்தையாவது என்னுதுன்னு சொல்லிக்கிறேன் சார்" என்றவர், குழுவில் தட்டினார்: "பாடம் என்னுடையது. அழித்ததும் நான்தான். முந்தின வகுப்பு எழுத்து என்று நினைத்தேன். மன்னிக்கவும்."

கூப்பாடு நின்றது.

அடுத்த திங்களன்று சான்றிதழ் வந்தது. முப்பத்தெட்டுப் பேரில் அவர் பாடத்துக்குத்தான் முதலிடம். அதே திங்களன்று தலைமை ஆசிரியை கூப்பிட்டு நீட்டிப்பு இல்லை என்ற கடிதத்தையும் கொடுத்தார். பிறர் உழைப்பை அழித்தது ஒழுங்கீனமாம். நிர்வாகத்துக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதாதா? இரண்டு காகிதத்தையும் ஒரே உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவர் இரண்டையும் கண்ணருகே வைத்துத் தடவித் தடவிப் படித்தார். "முதலிடமா?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் சமையலறைக்குப் போய் அழுதார்.

பள்ளியில் அவருக்குக் கடைசி நாள், கடைசி பீரியட். செய்தித்தாள் துண்டுகள் வகுப்பு முழுக்கப் பறந்தன. பலகை நிறைய அரையும் காலும் அரைக்காலும். மணி அடித்ததும் முதல் பெஞ்சுப் பெண் டஸ்டரை எடுத்து நீட்டினாள்.

"இன்னிக்கு நான் அழிக்கட்டுமா டீச்சர்?"

"வேணாம்மா, இருக்கட்டும். அடுத்து வர்றவங்க அழிச்சுக்குவாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாக்பீஸ் தூசியைப் புடவையில் துடைத்துவிட்டு வெளியே போனார்.