கித்தார்க்காரர் இறந்த செய்தி

எங்கள் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் ஜாஸ் என்ற சொல்லை முதன்முதலில் உச்சரித்தவர் என் அப்பாதான் என்று நான் இன்றும் நம்புகிறேன். மறுத்துப் பேச அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

அப்பாவும், அம்மாவின் அண்ணனான மாமாவும் கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலின் சமையல்கட்டில் வேலை பார்த்தவர்கள். துரைமார் சாப்பிடும் கூடத்தில் மாலை வேளைகளில் பாண்டு வாசிப்பார்கள். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு தள்ளுகதவு. பரிமாறுகிறவன் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு போகும்போது கொஞ்சம் சங்கீதம் உள்ளே வரும். கதவு சாத்தினால் நின்றுவிடும். இப்படித் துண்டு துண்டாகக் கேட்டே அப்பாவுக்குக் கித்தார்மேல் பைத்தியம் பிடித்தது. ஓட்டலில் கித்தார் வாசித்த பறங்கி ஒருவர், தனக்கே குரு என்று சொல்லி, அமெரிக்காவில் இருக்கும் ஒருவருடைய இசைத்தட்டுகளை அப்பாவுக்குக் கொடுத்தார். கொழும்பில் வேலை குறைந்து ஆட்களை ஊருக்கு அனுப்பியபோது, மற்றவர்கள் துணியும் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். அப்பா ஒரு கிராமபோன் பெட்டியையும் அந்தத் தட்டுகளையும் கொண்டுவந்து இறக்கினார். அம்மா அவரிடம் சில நாள் பேசவில்லை.

தட்டின் நடுவில் அந்த அமெரிக்கர் பெயர் அச்சிட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை. கித்தார்க்காரர் என்றால் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாடும் ஆனபின் பெட்டி திறக்கும். கேட்க வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் குளச்சல் காக்கா. கொழும்புச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், அப்பாவுக்கு அங்கேயே பழக்கம். இன்னொருவர் முட்டம் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசித்த உபதேசியார். மாமா அடுத்த வீடுதான் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஊரார் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் கோழிச்சண்டை நடப்பதாகச் சொன்னார்கள். அம்மா, அரிசி புடைக்கிற சத்தத்துக்கு ஒரு பெட்டி எதற்கு என்று கேட்டாள். அது கிண்டல்தான் என்றாலும் அவ்வளவு தவறில்லை. குழல்கள் எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டிருக்கும்போது, அடியில் கித்தார் முறத்தைத் தட்டுவதுபோல ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை உயர்த்துவார்.

"இப்பம் வருவாரு பாரு," என்பார்.

குழல்கள் அடங்கும். கித்தார் மட்டும் தனியாக நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பவும் அடியில் போய்விடும். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அந்த இரண்டு பேரும் வெயிலில் நடந்து வந்தது. இரண்டு கித்தார் சேர்ந்து வாசித்த தட்டு ஒன்றும் இருந்தது. அதில் ஒருவர் நடக்கிறார், மற்றவர் பேசிக்கொண்டே கூடப் போகிறார் என்று அப்பா எனக்குச் சொல்லித்தந்தார். நடக்கிறவர்தான் பெரிய ஆள் என்றார். பேசுகிறவர்தானே நன்றாக வாசிக்கிறார் என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

ஊருக்கு வந்தபின் அப்பா கட்டுமரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. இளவயதில் விட்டுப்போன தொழில். கைகள் சமையல்கட்டுக்குப் பழகிவிட்டன. துடுப்புப் பிடித்துக் கொப்புளம் வந்ததைப் பார்த்து, கரையில் அவரைத் துரை என்று கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டார்.

ஆனி மாதத்து ஒரு காலையில் கடல் சட்டென்று மாறியது. அப்பா போன மரம் கவிழ்ந்தது. கூடப் போன இருவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். அப்பா வரவில்லை. மணக்குடிவரைக்கும் ஆள் அனுப்பித் தேடினார்கள். உடல் எங்கும் ஒதுங்கவில்லை.

அம்மா அழவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் வாசலில் முந்தானையை வாயில் வைத்ததும், "இங்க ஒருத்தரும் சாவல்ல, எழும்பிப் போங்க," என்றாள். முட்டத்துக்காரன் ஒருவனை இப்படித்தான் நடுக்கடலில் கப்பல்காரர்கள் தூக்கிக் கொழும்பில் இறக்கிவிட்டார்களாம். அவிய (அப்பாவை அப்படித்தான் சொல்வாள்) கொழும்பு தெரிந்த ஆள், ஓட்டலில் பழைய வேலையைக் கேட்டு வாங்கியிருப்பாவ, கொஞ்ச நாளில் ஆள் வரும் என்றாள். மாமா கொழும்புக்கு ஆள்வைத்து விசாரித்தார். அப்படி யாரும் வரவில்லை என்று பதில் வந்தது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பங்குச் சாமியார் வந்து ஆத்துமப் பூசை வைக்கலாமா என்று கேட்டபோது, உயிரோடிருக்கிற ஆளுக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மா சொன்னால் அப்பா வருவார். இரவுச் சோற்றுக்கு அப்பாவின் வட்டிலையும் கழுவி வைப்பது என் வேலை, தவறாமல் செய்தேன். அம்மா தன் பங்குக்கு, மரங்கள் கரை ஏறும் நேரமெல்லாம் மணலில் போய் நின்றாள். ஒவ்வொரு மரமாக ஆளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நாள் போகப்போக அவள் சாப்பாடு குறைந்தது. கைவளை முழங்கைவரை ஏறி இறங்கியது. நான் கூப்பிட்டால் இரண்டாவது மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். கிராமபோன் பெட்டி கட்டிலுக்கடியில் துணி சுற்றிக் கிடந்தது. தொட யாருக்கும் தைரியமில்லை.

மழைக்காலம் முடிந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் மாமாவும் குளச்சல் காக்காவும் கரையில் ஏற்றிப் போட்டிருந்த மரங்களுக்கு நடுவில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் பக்கத்தில் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் எப்போதும் செய்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். காக்கா வாசலிலேயே நின்று, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

"கொழும்பிலேருந்து சேதி வந்திருக்கு தங்கச்சி. கித்தார்க்காரரு மவுத்தாயிட்டாராம்."

மாமா தொடர்ந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலுபேர் கூடி, தட்டுகளைப் போட்டு, அந்த மனிதரைப்பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசவேண்டும், இவ்வளவு நாள் கேட்ட காதுக்கு அதுதான் மரியாதை என்றார்.

"எந்த ஊர்க்காரனோ செத்ததுக்கு என் வீட்டிலயா துக்கம் வைக்கணும்?" என்றாள் அம்மா.

"பெட்டி இங்கதான இருக்கு பிள்ளே. அத வேற எங்க தூக்கிட்டுப் போவேன்?"

"அவிய இல்லாம அவியளுக்க பெட்டியத் தொடப்பிடாது. நாளைக்கு வந்து கேட்டாவன்னா?"

"கேட்டா நான் பதில் சொல்லுதேன்," என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் வெள்ளைத்துணி விரித்துப் பெட்டியை வைத்தார்கள். உபதேசியார் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டாள். மாமா தட்டைப் போட்டு ஊசியை வைத்தார். பெட்டி அத்தனை நாள் சும்மா கிடந்ததால் முதலில் இழுத்து இழுத்துப் பாடி, பிறகு சரியாயிற்று. வழக்கமாக அப்பா உட்காரும் முக்காலியில் யாரும் உட்காரவில்லை.

காக்கா முதலில் பேசினார். ஓட்டலுக்குள் தன்னைப்போன்ற ஆளை விடமாட்டார்கள் என்றும், சன்னலுக்குக் கீழே தெருவில் நின்றே கேட்டதாகவும் சொன்னார். "அங்க வாசிச்ச பறங்கி இவர மாதிரி வாசிக்கப் பாப்பான். விரலெல்லாம் சரியாத்தான் ஓடும். ஆனா இவருக்கு இருக்க நிதானம் அவனுக்கு வராது."

அடுத்து உபதேசியார் பேசினார். "நான் மொதல்ல கேட்டப்பம் எனக்குக் குழல் சத்தந்தான் கேட்டுது. கித்தாரு எங்கன்னு கேட்டேன். அது கேக்காது, நிக்கும்பம்தான் தெரியும்னு சொன்னாவ." அதைச் சொன்னது அப்பா. உபதேசியார் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இரண்டு கித்தார்த் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்தபடியே, யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்.

"ஒருக்காலும் முன்னால வந்து நிக்க மாட்டாரு. கூட வாசிக்கவன் தப்பா வாசிச்சாக்கூட, அது தப்புன்னு மத்தவனுக்குத் தெரியாம, கூடவே போய்க் கூட்டிட்டு வந்திருவாரு. அவரு இருக்க எடத்தில ஒருத்தனும் விழ மாட்டான். அப்படிப்பட்ட ஆளு…"

அதற்குமேல் அவருக்கு வரவில்லை. பெரிய மனிதர், மீசை வைத்தவர், ஒரு அமெரிக்கருக்காக இப்படிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டு ஓடி முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. அதை எடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுக்களைக் கதவு திறந்து அம்மா வெளியே வந்தாள்.

"அந்த ஆளுக்குப் பெஞ்சாதி உண்டா?"

"உண்டு," என்றார் மாமா.

"எப்படிச் செத்தாரு?"

காக்கா மாமாவைப் பார்த்தார். உபதேசியார் மெழுகுதிரியைப் பார்த்தார். மாமா மெதுவாகச் சொன்னார்.

"கடல்ல."

"உடம்பு?"

"கிடைக்கல்ல பிள்ளே. எல்லாரும் தேடிப் பாத்தாச்சு. கிடைக்கல்ல."

அம்மா மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. "அப்பம் அந்தப் பொம்பள என்ன செய்வா?" என்று கேட்டாள். மாமா எழுந்துபோய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா, அப்பாவின் முக்காலியின்மேல் தலையைக் கவிழ்த்து அழத் தொடங்கினாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து கூட அழுதார்கள். யார் செத்தது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முகம் தெரியாத அமெரிக்கப் பெண் ஒருத்திக்காக அம்மா இவ்வளவு அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் அந்தப் பெண்மேல் பரிதாபம் வந்தது. கொஞ்சம் அழுதேன்.

ஆனால் மறுநாள் அம்மா சாமியாரைப் பார்க்கப் போனாள். அந்த வாரமே அப்பாவின் பெயரைச் சொல்லி ஆத்துமப் பூசை நடந்தது. அம்மா தாலியைக் கழற்றினாள், கறுப்புச் சேலை உடுத்தாள். அப்பாவின் வட்டிலை உள்ளே எடுத்து வைத்தாள். எனக்கு எதுவும் பொருந்தவில்லை. செத்தது கித்தார்க்காரர். பூசை எதற்காக அப்பாவுக்கு? யாரோ ஒருவர் எங்கோ கடலில் விழுந்துவிட்டார் என்பதற்காக என் அப்பாவையும் சாகடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா கரைக்குப் போவதை நிறுத்தியதும் நான் போக ஆரம்பித்தேன். அவளைப்போலவே மரம் மரமாக ஆளை எண்ணினேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. ஆனால் அவள் மறுபடி சாப்பிட்டாள், தூங்கினாள். மீன்கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு விற்கப் போனாள். நான் கூப்பிட்ட முதல் குரலிலேயே திரும்பிப் பார்த்தாள். அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் அவள்மேல் கோபமாகவே இருந்தேன்.

அடுத்த வருடம் காக்கா கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போய்த் திரும்பியவர், மாமா வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே மாமியோடு இருந்தேன். அவர் மாமாவிடம் காகிதம் சுற்றிய ஒரு தட்டை நீட்டியது தெரிந்தது.

"புதுசு. போன மாசந்தான் எறங்கிச்சு. ஆளு முன்னைக்கு இப்பம் நல்லா வாசிக்காரு, கேட்டியா? கொழும்பில இதே பேச்சுதான்."

நான் வெளியே வந்தேன். "யாரு காக்கா?"

அவர் திடுக்கிட்டார். தட்டின் நடுவில் இருந்த பெயரை எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்துகளின் உருவம் மனப்பாடம். "அவரு செத்துப்போனாரே?" என்றேன்.

"அது… சேதி தப்பா வந்திருக்கும் மக்கா," என்றார் காக்கா. மாமா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

நான் ஓடினேன். செருப்பில்லாத காலில் மணல் சுட்டதுகூடத் தெரியவில்லை. அம்மா கரையோரத்தில் காயப்போட்டிருந்த நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று கத்தினேன்.

"அம்மா, கித்தார்க்காரரு சாவல்லியாம்! சேதி தப்பாம்! உயிரோட இருக்காராம்! அப்பம் அப்பாவும்…"

அம்மாவின் கை நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்குத் தெரியும் மக்கா," என்றாள்.

"எப்பம் தெரியும்?"

"மாமா சொல்லும்பமே தெரியும்."

"பின்ன எதுக்கு அழுதிய?"

அவள் என்னைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நான் திமிறினேன். பொய்யென்று தெரிந்தே அழுதிருக்கிறாள், பொய்யென்று தெரிந்தே தாலியைக் கழற்றியிருக்கிறாள் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. மாமாமேல், காக்காமேல், உபதேசியார்மேல் எல்லாம் ஆத்திரம் வந்தது. எல்லாரையும்விட, செத்தார் என்று சொன்னபிறகும் சாகாமல் அமெரிக்காவில் எங்கோ உட்கார்ந்து இன்னும் நன்றாக வாசித்துக்கொண்டிருந்த அந்த மனிதரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.